பிடி நழுவுகிறதா? எப்போது, எப்படி நழுவுகிறது என்று முதலில் பாருங்கள்

ஜூடோ, ஜியு-ஜிட்சு, மல்யுத்தம் போன்ற சண்டைக்கலைகளில் பிடி நிற்கவில்லை என்று தெரிந்ததும் பெரும்பாலோர் செய்கிற முதல் வேலை ஒரு கிரிப்பர், அதாவது கையால் அமுக்கி மூடும் ஸ்பிரிங் கருவி, வாங்குவது. வேலைக்கு நடுவே, டிவி பார்க்கும்போது, போன் பேசும்போது என்று நாள் முழுக்க அதை அமுக்கிக்கொண்டே இருப்பார்கள். ஒரு மாதத்தில் கிரிப்பர் லேசாக மூட ஆரம்பிக்கும், ஆனால் ஸ்பாரிங்கில், அதாவது பயிற்சி மோதலில், எதிராளி சட்டைக் கையை ஒரு உதறு உதறினால் பிடி பழையபடியே கழன்று வரும். கிரிப்பர் மேல் தப்பில்லை. பிடி விடுவதற்கு ஆறேழு காரணங்கள் இருக்கின்றன, கிரிப்பர் அதில் ஒன்றுக்கு மட்டும்தான் மருந்து. மற்ற கோளாறுகளுக்கும் அதையே கொடுத்தால் பிடி வராது, முழங்கை வலிதான் வரும்.

அதனால் கீழே அறிகுறி வாரியாக எழுதியிருக்கிறேன். உங்களுக்கு எது பொருந்துகிறதோ அங்கே நேராகப் போய்விடலாம். ஆனால் அடுத்த பத்தியையும் அதற்கடுத்த பகுதியையும் மட்டும் எல்லோரும் படித்துவிடுங்கள்.

விரலை மடக்குகிற பெரிய தசைகள் விரலில் இல்லை, முன்கையில் இருக்கின்றன. அங்கிருந்து தசைநாண்கள் மணிக்கட்டைத் தாண்டி விரல் எலும்புகள் வரை ஓடுகின்றன, சைக்கிள் பிரேக் கம்பி மாதிரி. மணிக்கட்டின் உள்பக்கம் ஒரு குறுகலான பாதை இருக்கிறது, அதற்குள்ளே 9 தசைநாண்களும் ஒரு நரம்பும் நெருக்கியடித்துப் போகின்றன. இதில் நினைவில் வைக்க வேண்டியது, தசை சில வாரங்களில் வலுவாகிவிடும், தசைநாணும் அதை விரலோடு ஒட்டிப் பிடித்திருக்கும் சிறு வளையங்களும் அதே அளவு தேற மாதக்கணக்கில் ஆகும். புதிதாகப் பயிற்சி தொடங்கி இரண்டாவது மூன்றாவது மாதத்தில் விரல் காயம் வருவதற்கு இந்த இடைவெளிதான் முக்கியமான காரணம். தசை தயாராகிவிட்டது, தசைநாண் இன்னும் தயாராகவில்லை, ஆனால் நமக்குத் தெம்பு வந்துவிட்டதால் எடையைக் கூட்டிவிடுகிறோம்.

முதலில் இதைப் பாருங்கள்: பலவீனமா, காயமா?

கீழே உள்ளவற்றில் ஏதாவது இருந்தால் பயிற்சியை நிறுத்திவிட்டு மருத்துவரிடம் போங்கள். இதையெல்லாம் உடற்பயிற்சியால் சரிசெய்ய முடியாது.

துணியைப் பிடித்திருக்கும்போது எதிராளி வேகமாகப் பிய்த்துக்கொண்டு போனார், விரலில் 'டப்' என்று ஏதோ விட்டது, அதற்குப் பிறகு அந்த விரலின் நுனி மூட்டு மட்டும் மடங்கவில்லை. பெரும்பாலும் மோதிர விரலில்தான் இது நடக்கும். சோதிப்பது எப்படி என்றால், இன்னொரு கையால் அந்த விரலின் நடு மூட்டை நேராக அமுக்கிப் பிடித்துக்கொண்டு நுனியை மட்டும் மடக்கிப் பாருங்கள். கொஞ்சம்கூட அசையவில்லை என்றால் தசைநாண் எலும்பிலிருந்து பிய்ந்திருக்க வாய்ப்பு அதிகம். மற்ற இரண்டு மூட்டுகளும் நன்றாக மடங்குவதால் 'சுளுக்குதான், சரியாகிவிடும்' என்று விட்டுவிடுவார்கள், அதுதான் ஆபத்து. பிய்ந்த தசைநாண் உள்ளங்கைப் பக்கமாகச் சுருங்கிப் போய்விடும், நாள் ஆக ஆக அதைத் திரும்ப இழுத்து வந்து தைப்பது கடினமாகிவிடும். வாரக்கணக்கில் காத்திருக்காமல் ஓரிரு நாளிலேயே காட்டுங்கள்.

இதற்கு நேர்மாறாக, நுனி தொங்கிப்போய் நிமிரவே இல்லை என்றால் மேல்பக்கத் தசைநாண் அறுந்திருக்கும். இதற்குப் பெரும்பாலும் அறுவை சிகிச்சை வேண்டாம், ஆனால் 6 முதல் 8 வாரம் இரவும் பகலும் மடங்கவிடாத பட்டை (ஸ்பிளிண்ட்) போட்டு விரல்நுனியை நேராகவே வைத்திருக்க வேண்டும். நடுவில் ஒரு தடவை கழற்றி நுனியை மடங்க விட்டாலும் நாள் கணக்கு முதலிலிருந்து தொடங்கும்.

கையை ஊன்றி விழுந்த பிறகு கட்டைவிரலின் அடியில், விரலை நன்றாக விரித்தால் மணிக்கட்டு ஓரத்தில் ஒரு குழி தெரியுமே, அந்தக் குழிக்குள் அழுத்தினால் வலிக்கிறதா? அங்கே இருக்கும் சிறு எலும்புக்கு ரத்த ஓட்டம் குறைவு. முறிந்திருப்பதைக் கவனிக்காமல் விட்டால் அது சேராமலே போகலாம். முதல் எக்ஸ்ரேயில் முறிவு தெரியாமல் இருப்பதும் உண்டு, அதனால் 'எக்ஸ்ரே நன்றாக இருக்கிறது' என்று சொல்லிவிட்டாலும் வலி அதே இடத்தில் நீடித்தால் மறுபடி போங்கள், எங்கே வலிக்கிறது என்று விரல் வைத்துக் காட்டுங்கள்.

குத்திய பிறகு சுண்டுவிரல் முட்டி உள்ளே இறங்கினாற்போல் இருந்தாலும் எக்ஸ்ரே தேவை.

அப்புறம் மரத்துப்போவது. கட்டைவிரல், சுட்டுவிரல், நடுவிரல் மரத்து, இரவில் எழுந்து கையை உதறினால் சரியாகிறது என்றால் மணிக்கட்டுக் குறுகல் பாதையில் நரம்பு நெருக்கப்படுகிறது. சுண்டுவிரலும் மோதிர விரலின் பாதியும் மரத்தால் வேறு நரம்பு, பெரும்பாலும் முழங்கையில்தான் சிக்கல். இரண்டிலும் பிடிப் பயிற்சியைக் கூட்டினால் நிலைமை மோசமாகும்.

பிடித்த உடனேயே கழன்றுவிடுகிறது, களைப்பே இல்லை

இது விரல் பலவீனம் என்று நினைப்பீர்கள். பத்தில் எட்டுப் பேருக்கு இது மணிக்கட்டு என்பது என் அனுபவத்தில் கண்டது.

இப்போதே ஒன்று செய்து பாருங்கள். மணிக்கட்டை உள்பக்கமாக, உள்ளங்கை முன்கையை நோக்கி வரும்படி, எவ்வளவு முடியுமோ அவ்வளவு மடக்குங்கள். அப்படியே வைத்துக்கொண்டு முஷ்டி பிடியுங்கள். விரல்கள் முழுதாக மூடாது, மூடினாலும் அதில் ஒரு பேனாவைக்கூட இறுக்கிப் பிடிக்க முடியாது. இப்போது மணிக்கட்டை மெல்லப் பின்னால் கொண்டுவாருங்கள், விரல்கள் தாமாகவே இறுகுவதைப் பார்க்கலாம். தசைநாணின் நீளம் மாறாது, மணிக்கட்டு மடங்கினால் அது தொய்ந்துவிடுகிறது, தசையும் ஏற்கெனவே சுருங்கிவிட்டதால் மேற்கொண்டு இழுக்க இடமில்லை. மணிக்கட்டு 20 முதல் 35 டிகிரி வரை பின்னால் சாய்ந்திருக்கும்போதுதான் பிடி அதிகபட்ச வலுவில் இருக்கும்.

நல்ல எதிராளி செய்வதும் இதைத்தான். அவர் உங்கள் விரலோடு மல்லுக்கட்டுவதில்லை. உங்கள் மணிக்கட்டை உள்ளே மடங்க வைக்கிறார், விரல் தானாகத் திறந்துகொள்கிறது. ஆகவே இங்கே விரல் மடக்கும் தசையை எவ்வளவு வளர்த்தாலும் பயன் கொஞ்சம்தான், மணிக்கட்டைப் பின்னால் நிறுத்தி வைக்கும் முன்கையின் மேல்பக்கத் தசைகள்தான் வேண்டும்.

அதற்கு நான் முதலில் சொல்வது சுத்தியல். நீளமான கைப்பிடி உள்ள ஒரு சுத்தியலை எடுத்து, கையைத் தொடையோடு ஒட்டித் தொங்கவிட்டு, சுத்தியல் தலை முன்பக்கம் இருக்கும்படி பிடியுங்கள். முழங்கை அசையாமல் மணிக்கட்டால் மட்டும் தலையை மேலே தூக்கி, 3 விநாடி எடுத்துக்கொண்டு மெதுவாக இறக்குங்கள். 8 முதல் 12 தடவை. பிறகு தலை பின்பக்கம் இருக்கும்படி திருப்பிப் பிடித்து அதே மாதிரி. பிறகு மேசை மேல் முன்கையை வைத்து, சுத்தியலைச் செங்குத்தாகப் பிடித்து, இடமும் வலமும் சாய்த்துச் சாய்த்து நிமிர்த்துங்கள். இதன் அருமை என்னவென்றால் எடையை மாற்றவே வேண்டாம். பிடியை ஓர் அங்குலம் தலைப்பக்கம் நகர்த்தினால் லேசாகிவிடும், நுனிக்கு நகர்த்தினால் கனமாகிவிடும். பிடித்த இடத்தில் ஒரு கோடு போட்டு வைத்தால் முன்னேற்றமும் கண்ணுக்குத் தெரியும். இதோடு உள்ளங்கை கீழே பார்க்கும்படி எடையைப் பிடித்து முழங்கையை மடக்கித் தூக்கும் ரிவர்ஸ் கர்ல், அல்லது கட்டையில் கயிறு கட்டி எடையைச் சுருட்டும் ரிஸ்ட் ரோலர், இரண்டில் ஒன்று போதும்.

இரண்டாவது விஷயம் எந்த விரலால் பிடிக்கிறீர்கள் என்பது. பழகாதவர்கள் கட்டைவிரலையும் சுட்டுவிரலையும் இறுக்கிவிட்டு மற்றதைச் சும்மா மேலே வைத்திருப்பார்கள். சுண்டுவிரலையும் மோதிர விரலையும் முதலில் மூடுங்கள், நடுவிரல் அடுத்தது, சுட்டுவிரல் கடைசி. நடு, மோதிர, சுண்டு விரல்களை மடக்கும் ஆழ்தசைக்குச் சதை பெரும்பாலும் பொது, மூன்றும் ஒன்றாக வேலை செய்யும்போதுதான் அது முழு வலுவைக் காட்டும். ஜூடோவிலும் கம்பு, வாள் பிடிக்கும் கலைகளிலும் சுண்டுவிரல் பக்கமே பிடியின் அடித்தளம் என்று ஆசிரியர்கள் திரும்பத் திரும்பச் சொல்வது இதனால்தான்.

சட்டைக் கையின் வாய்க்குள் விரலை நுழைத்துப் பிடித்துக்கொள்ளும் பழக்கம் இருந்தால் இன்றே விட்டுவிடுங்கள். ஜூடோவில் அது தவறு, ஜியு-ஜிட்சுவிலும் தவறு. எதிராளி கையைத் திருப்பினால் துணி சுருண்டு விரல் உள்ளே மாட்டிக்கொள்ளும், எடுக்கவே முடியாது.

முதல் ஒரு நிமிடம் நன்றாக இருக்கிறது, அப்புறம் முன்கை கல்லாகிவிடுகிறது

கோளாறுகளில் இதுதான் ராஜா. முன்கை விறைத்து, விரலை மூடவும் முடியாமல் திறக்கவும் முடியாமல், தண்ணீர் பாட்டில் மூடியைத் திருகக்கூட வராது. தசை தொடர்ந்து இறுகியே இருந்தால் தனக்குள் ஓடும் ரத்தக்குழாய்களைத் தானே நசுக்கிக்கொள்கிறது. புதிய ரத்தம் வர வழியில்லை, கழிவு போகவும் வழியில்லை. முழு வலுவில் பாதிக்கு மேல் இறுக்கினாலே இந்த அடைப்பு கணிசமாக இருக்கும். எனவே கேட்க வேண்டிய முதல் கேள்வி 'எனக்கு எவ்வளவு தாங்கும்' என்பதல்ல, 'இவ்வளவு இறுக்க வேண்டியிருந்ததா' என்பது.

பெரும்பாலும் இருந்திருக்காது. புதியவர்கள் பிடித்த நொடியிலிருந்து விடும் நொடி வரை நூறு சதவீதம் இறுக்குகிறார்கள். எதிராளி சும்மா நிற்கும்போதும் இறுக்கம், தான் மூச்சு வாங்கும்போதும் இறுக்கம். அனுபவசாலிகளைப் பிடித்துப் பாருங்கள், அவர்கள் கை துணியில் வெறுமனே கொக்கி போட்டாற்போல் இருக்கும், இழுக்கும் கணத்தில் மட்டும் இரும்பாகும், அடுத்த நொடி மறுபடி தளரும். அந்தத் தளர்ச்சியில்தான் ரத்தம் உள்ளே வருகிறது.

இதைப் பழக ஒரு வழி இருக்கிறது. வாரத்தில் ஒரு ஸ்பாரிங் சுற்றை இதற்கென்றே ஒதுக்கி, அந்தச் சுற்று முழுக்கப் பாதி வலுவுக்கு மேல் எதையும் பிடிக்காதீர்கள். பிடி கழன்றால் கழலட்டும், மறுபடி பிடியுங்கள். கழலப்போகும் பிடியைக் காப்பாற்றப் போராடாமல், நாமே விட்டுவிட்டு நல்ல இடத்தில் புதிதாகப் பிடிப்பது எவ்வளவு மிச்சம் என்று கைக்கே புரிந்துவிடும். கூடவே மூச்சையும் கவனியுங்கள். கை அநாவசியமாக இறுகும்போதெல்லாம் மூச்சும் நின்றிருக்கும், மூச்சை வெளியே விட்டாலே கையும் கொஞ்சம் தளரும். இன்னொன்று, கையால் இழுக்கிறீர்களா முதுகால் இழுக்கிறீர்களா? முழங்கை உடம்பை விட்டு விலகி நின்றால் எல்லாச் சுமையும் முன்கைக்கு வந்துவிடும். முழங்கையை விலாவோடு ஒட்டி, முதுகால் இழுங்கள், விரலை வெறும் கொக்கியாக வைத்துக்கொள்ளுங்கள்.

இவ்வளவும் செய்தபிறகுதான் தாங்கும் திறனுக்கான பயிற்சி. எவ்வளவு நேரம் தாங்க வேண்டும் என்பது உங்கள் விளையாட்டைப் பொறுத்தது. ஜூடோவில் பெரியவர்களுக்கு ஆட்டம் 4 நிமிடம், சமநிலையில் முடிந்தால் கோல்டன் ஸ்கோர் என்ற கூடுதல் ஆட்டத்துக்கு நேர வரம்பே கிடையாது. ஜியு-ஜிட்சுவின் பெரிய சர்வதேசப் போட்டிகளில் வயது வந்தோருக்கு வெள்ளை பெல்ட்டில் 5 நிமிடத்தில் தொடங்கி கறுப்பு பெல்ட்டில் 10 நிமிடம் வரை போகும். ஆகவே 20 விநாடி முழு வலுவில் தொங்கிவிட்டுத் திருப்திப்பட்டால் போதாது. பாறை ஏறுபவர்களின் முறை ஒன்று இதற்கு நன்றாகப் பொருந்துகிறது: 7 விநாடி தொங்கல், 3 விநாடி விடுதல், இதை 6 தடவை செய்தால் ஒரு நிமிடம், அது ஒரு செட். அவர்கள் விரல்நுனி அளவு விளிம்பில் தொங்குவார்கள், நமக்கு அது வேண்டாம், கம்பியில் போட்ட துண்டைப் பிடித்தால் போதும். ஆரம்பத்தில் கால் இரண்டும் தரையில் இருக்கட்டும், எடையில் ஒரு பகுதியைக் கால் வாங்கிக்கொள்ளட்டும். 3 செட், நடுவில் 2 நிமிடம் ஓய்வு. கால் தரையில் இல்லாமல் முழு உடல் எடையில் 3 செட் வந்துவிட்டால் செட்டுகளைக் கூட்டுங்கள், எடையைக் கட்டிக்கொள்ள அவசரம் வேண்டாம்.

வகுப்புக்கு முன்னால் இதைச் செய்யாதீர்கள். களைத்த கையோடு ஸ்பாரிங் செய்தால் நுட்பமும் கெடும், விரலும் மாட்டும்.

கிரிப்பர் மூடுகிறது, துணி நழுவுகிறது

கிரிப்பரில் விரல் அசைகிறது, விரிந்த கை மூடுகிறது, அதிகபட்ச வலு ஒரு கணம் வந்து போகிறது. துணியைப் பிடிக்கும்போது விரல் அசைவதில்லை, பாதி மூடிய நிலையிலேயே நின்று தாங்க வேண்டும். இரண்டும் வேறு வேறு வேலை. கேப்டன்ஸ் ஆஃப் க்ரஷ் என்ற பிராண்டு கிரிப்பர்களில் நம்பர் 1 என்பது 140 பவுண்டு, நம்பர் 2 என்பது 195, நம்பர் 3 என்பது 280 என்று நிறுவனமே குறித்திருக்கிறது. நம்பர் 2 மூடுபவர் உண்மையிலேயே வலுவான ஆள்தான், ஆனாலும் அவரே ஒரு தடித்த காலரைப் பிடித்து ஒரு நிமிடம் தொங்கச் சொன்னால் திணறலாம்.

தீர்வு நேரடியானது, துணியைப் பிடித்துப் பழகுங்கள். பழைய ஜூடோ மேலாடை இருந்தால் அதைக் கம்பியில் போட்டு ஒரு கையில் காலர், இன்னொரு கையில் சட்டைக் கை என்று பிடித்துத் தொங்குங்கள், சில வாரம் கழித்து உடம்பைக் கையால் மேலே இழுக்கும் புல்-அப். மேலாடை இல்லையென்றால் கெட்டியான துண்டு. பிடிக்கும்போது துணியின் தொய்வை முதலில் எடுத்துவிட்டு, ஒரு மடிப்பை உள்ளங்கைக்குள் சேர்த்துப் பிடியுங்கள். தட்டையான துணியைவிட மடிப்பு விழுந்த துணி நன்றாக நிற்கும், இது வலு இல்லாமலே கிடைக்கும் லாபம். டம்பெல்லைத் துண்டில் சுற்றித் தூக்கி நடப்பதும் நல்ல பயிற்சி.

மேலாடை இல்லாத மல்யுத்தத்தில் கதை வேறு. அங்கே பிடிப்பது மணிக்கட்டு, கழுத்து, இடுப்பு, எல்லாமே தடிமனும் வழுக்கலும். கை முழுதாக மூடாது, கட்டைவிரலும் விரிந்த விரல்களும்தான் வேலை செய்ய வேண்டும். இரண்டு வழவழப்பான இரும்புத் தட்டுகளைச் சேர்த்துக் கட்டைவிரலுக்கும் நான்கு விரல்களுக்கும் நடுவில் பிடித்து 15 முதல் 20 விநாடி நிற்பது, கம்பியில் துணி சுற்றித் தடிமனாக்கித் தூக்குவது, இவை உதவும். ஒகினாவா கராத்தேயில் நிகிரி-கமே என்று மண் ஜாடிகள் உண்டு, வாய் விளிம்பை விரல்நுனிகளால் பிடித்துத் தூக்கி நடப்பார்கள், உள்ளே மணலைக் கொஞ்சம் கொஞ்சமாகக் கூட்டிக்கொண்டே போவார்கள். அகலமான வாயுள்ள எந்த ஜாடியிலும் இதைச் செய்யலாம்.

எதிராளியின் இடுப்பைச் சுற்றிக் கட்டிப்பிடித்துப் பூட்டும்போது விரல்களைக் கோத்துக்கொள்ளாதீர்கள். உள்ளங்கையோடு உள்ளங்கை, கட்டைவிரல் தனியாகப் பிரியாமல் மற்ற விரல்களோடு சேர்ந்து இருக்கட்டும். கோத்த விரல்கள் நசுங்கும்போது வெளியே வராது.

குத்தும்போது மணிக்கட்டு மடங்குகிறது

முதலில் குத்திப் பழகும் பை எவ்வளவு கனம், நீங்கள் எவ்வளவு பலமாக அடிக்கிறீர்கள் என்று பாருங்கள். மணிக்கட்டு தயாராகும் முன்பே தோளும் இடுப்பும் பலமான குத்தை உற்பத்தி செய்துவிடும். பாதி வேகத்துக்கு இறங்கி, சுட்டுவிரல், நடுவிரல் முட்டிகள் இரண்டும் முன்கை எலும்போடு ஒரே நேர்கோட்டில் படுகின்றனவா என்று பாருங்கள். சுண்டுவிரல் பக்கம் முதலில் பட்டால் மணிக்கட்டும் மடங்கும், அந்த மெல்லிய எலும்பும் முறியும். முஷ்டியை வழியெல்லாம் இறுக்கிக்கொண்டு போனால் கை மந்தமாகிவிடும், படுவதற்குச் சற்று முன்புதான் இறுக்க வேண்டும்.

வலுவுக்கு, மெத்தென்ற விரிப்பின்மேல் கை முட்டிகளை ஊன்றி, அதே இரண்டு முட்டிகளில் எடை நிற்கும்படி புஷ்-அப் நிலையில் 20, 30 விநாடி அசையாமல் இருங்கள். மடங்கினால் முழங்காலை ஊன்றிக்கொள்ளுங்கள். மேலே சொன்ன சுத்தியல் பயிற்சி இங்கேயும் வேலை செய்யும். கைக்கட்டுத் துணி நான்கரை மீட்டர் நீளமுள்ளதாக வாங்கினால் மணிக்கட்டுக்கு மூன்று நான்கு சுற்று தாராளமாகக் கிடைக்கும். வளர்ந்துகொண்டிருக்கும் பிள்ளைகளை முட்டியால் கட்டையிலோ சுவரிலோ அடிக்க வைக்காதீர்கள். அவர்களின் எலும்பு நுனிகளில் வளர்ச்சிப் பகுதி இன்னும் மூடவில்லை, அங்கே அடிபட்டால் எலும்பு வளர்வதே கோணலாகலாம். இதில் எனக்குச் சமரசமே கிடையாது.

விரல் மூட்டு வீங்கியிருக்கிறது, காலையில் மடக்க முடியவில்லை

துணியைப் பிடிக்கும் கலைகளில் நடு மூட்டுகள் வீங்குவது மிகவும் சாதாரணம், சாதாரணம் என்பதால் பரவாயில்லை என்று அர்த்தமல்ல. விரல் முன்பின்னாக மடங்கப் படைக்கப்பட்டது, எதிராளி கையைத் திருகும்போது அது பக்கவாட்டில் இழுபடுகிறது, மூட்டை இரு ஓரமும் கட்டிப் பிடித்திருக்கும் தசைநார்களும் அடி வாங்குகின்றன. இரண்டு மூன்று வாரம் துணிப்பிடியைக் கிட்டத்தட்ட நிறுத்திவிட்டு, மணிக்கட்டைப் பிடிப்பது, கையை உள்ளே நுழைத்துக் கட்டிப்பிடிப்பது என்று மாறி விளையாடுங்கள். ஆட்டமும் புதிதாக வளரும், விரலும் தேறும்.

டேப் போடுவதானால் வலிக்கும் விரலைப் பக்கத்து விரலோடு சேர்த்து, மூட்டுக்கு மேலும் கீழும் சுற்றுங்கள், மூட்டின் மேல் வேண்டாம். தனி விரலுக்கு மூட்டின் குறுக்கே பெருக்கல் குறி போல் போடலாம். டேப் பக்கவாட்டு அசைவைக் கட்டுப்படுத்தும், அவ்வளவுதான். டேப் இருக்கிற தைரியத்தில் பழையபடி இழுத்தால் அடுத்த மூட்டு போகும்.

விரலைத் திறக்கும் தசைகளை யாரும் கவனிப்பதில்லை. ரப்பர் பேண்டை ஐந்து விரல் நுனிகளிலும் மாட்டி 20, 25 தடவை விரித்து மூடுங்கள், அல்லது வாளி நிறைய அரிசியோ மணலோ போட்டு அதற்குள் கையை நுழைத்து விரித்து, மூடி, திருகி, ஓரிரண்டு நிமிடம். இது வீக்கமுள்ள கைக்கும் இதமாக இருக்கும், வலிக்காத அளவில் தினமும் செய்யலாம். விரல்நுனிப் புஷ்-அப்பை இந்தக் காலத்தில் தொடவே வேண்டாம்.

இரண்டு மாதமாகியும் காலை இறுக்கம் ஒரு மணி நேரத்துக்கு மேல் நீடித்தாலோ, பிடிக்காத கையிலும் மூட்டுகள் வீங்கினாலோ, அது பயிற்சியால் வந்ததில்லையோ என்று பார்க்க வேண்டியிருக்கிறது, மருத்துவரிடம் காட்டுங்கள்.

முழங்கை வலிக்கிறது

உள்பக்க எலும்பு முனையில் வலித்தால் விரல் மடக்கும் தசைகளின் வேர், வெளிப்பக்கம் வலித்தால் மணிக்கட்டைப் பின்னால் தூக்கும் தசைகளின் வேர். கிரிப்பரை நாள் முழுக்க அமுக்குபவர்களுக்கு முதலாவது, சுத்தியலில் திடீரென எடை கூட்டியவர்களுக்கு இரண்டாவது. முழு ஓய்வு எடுத்தால் வலி போகும், திரும்பி வந்த முதல் வாரத்திலேயே அதுவும் திரும்பி வரும். சுமையைப் பாதியாகக் குறைத்துக்கொண்டு தொடர்வதுதான் நல்லது.

தொடக்கத்தில் அசைவில்லாத பயிற்சி: லேசான டம்பெல்லை மணிக்கட்டு நேராக இருக்கும்படி பிடித்து, 30 முதல் 45 விநாடி அப்படியே நிறுத்தி வைப்பது, 4, 5 தடவை. உள்பக்க வலிக்கு உள்ளங்கை மேலே, வெளிப்பக்க வலிக்கு உள்ளங்கை கீழே. வலி தணிந்ததும் இறக்கும் பாதியை மட்டும் மெதுவாகச் செய்யுங்கள், தூக்குவதற்கு இன்னொரு கையைத் துணைக்கு வைத்துக்கொண்டு, இறக்க 4 விநாடி எடுத்துக்கொள்ளுங்கள். செய்யும்போது பத்துக்கு மூன்று அளவு வலி இருந்தால் பரவாயில்லை, ஆனால் மறுநாள் காலை முந்தைய நாளைவிட அதிகமாக வலித்தால் சுமை அதிகம் என்று பொருள். நாள் கணக்கில் சரியாகாது, சில வாரங்களிலிருந்து சில மாதங்கள் வரை பிடிக்கும்.

இரண்டு மாதமாக வலு ஏறவே இல்லை

முதல் சந்தேகம், அதிகமாகச் செய்கிறீர்கள். ஸ்பாரிங்கும் பிடிப் பயிற்சிதான், தரையிலிருந்து கனமான எடையைத் தூக்கும் டெட்லிஃப்டும் பிடிப் பயிற்சிதான், புல்-அப்பும்தான். வாரத்தில் நான்கு நாள் துணியைப் பிடித்து இழுத்துவிட்டு, அதன்மேல் தினமும் கிரிப்பர் என்றால் முன்கை எப்போது தேறும்? தனியாகச் செய்யும் பிடிப் பயிற்சி வாரத்துக்கு 2 நாள் போதும், 3 உச்சவரம்பு. ஒரு நாள் கனம், அதாவது 5 முதல் 10 விநாடிக்கு மேல் தாங்க முடியாத எடை, 4, 5 செட், நீண்ட ஓய்வு. இன்னொரு நாள் நேரம், முன்பு சொன்ன 7-க்கு 3 தொங்கல், அல்லது கனமான எடைகளை இரு கையிலும் தூக்கி நடப்பது. நான்கு ஐந்து வாரத்துக்கு ஒரு தடவை ஒரு வாரம் பாதியாகக் குறைத்துவிடுங்கள். ஏறாமல் நின்றிருந்த வலு அந்த வாரத்துக்குப் பிறகு ஏறுவதை அடிக்கடி பார்க்கலாம்.

இரண்டாவது, எப்போதும் ஒரே வகை. அமுக்குவது, தாங்குவது, கிள்ளிப் பிடிப்பது, மணிக்கட்டு, திறப்பது என்று ஐந்து இருக்கின்றன, நீங்கள் செய்யாதது எதுவோ அதுதான் பெரும்பாலும் உங்களைத் தடுத்து நிறுத்தியிருக்கும்.

மூன்றாவது, அளப்பதே இல்லை. துண்டைப் பிடித்துத் தொங்கும் நேரத்தை இரண்டு வாரத்துக்கு ஒருமுறை, ஓய்வெடுத்த நாளில், அதே துண்டு, அதே கம்பியில் பாருங்கள். பிடியின் வலுவை எண்ணாகக் காட்டும் டைனமோமீட்டர் கிடைத்தால் ஒவ்வொரு கையிலும் 3 தடவை அமுக்கி அதிகமானதைக் குறித்துக்கொள்ளுங்கள், ஒவ்வொரு முறையும் முழங்கை ஒரே கோணத்தில் இருக்கட்டும், கோணம் மாறினால் எண்ணும் மாறும். அளக்கும்போது வயிற்றையும் மறு கையையும் சேர்த்து இறுக்கினால் எண் கூடும், ஒரு தசை முழு பலத்தில் இறுகும்போது பக்கத்துத் தசைகளும் சேர்ந்து இறுகி அதற்குத் துணை நிற்கும் என்பதால். ஏமாற்றுவேலை இல்லை, ஸ்பாரிங்கிலும் இழுக்கும் கணத்தில் அப்படித்தான் செய்ய வேண்டும்.

சில்லறைக் கோளாறுகள்

கை வியர்த்து வழுக்குகிறது என்றால் எடைப் பயிற்சியில் ஜிம் சாக் பொடி (மெக்னீசியம் கார்பனேட்) போடலாம், ஆட்டத்தில் முடியாது என்பதால் வாரத்துக்கு ஒரு தடவையாவது பொடி இல்லாமல் பழகுங்கள். காய்ப்பு மேடாக நின்றால் ஏதாவது ஒரு நாள் அது முழுத் தோலோடு கிழியும். குளித்தபின் ஊறிய தோலை நுரைக்கல்லால் (பியூமிஸ் கல்) தேய்த்துச் சமமாக்குங்கள், பிளேடால் வெட்ட வேண்டாம். நகத்தை ஒட்ட வெட்டுங்கள், நகம் துணியில் மாட்டினால் எந்தப் பிடியும் நிற்காது.

ஒரு கை மட்டும் பலவீனமா? வலக்கைக்காரருக்கு இடக்கை கொஞ்சம் குறைவாக இருப்பது இயல்புதான். பலவீனமான கையை முதலில் செய்யுங்கள், வலுவான கையை அதே எண்ணிக்கையோடு நிறுத்திவிடுங்கள். நன்றாக இருந்த கை திடீரென்று வலுவிழந்தாலோ, பொருட்கள் கையிலிருந்து தானாக விழுந்தாலோ, கழுத்தைத் திருப்பும்போது கைக்குள் மின்சாரம் பாய்வது போல் இருந்தாலோ கோளாறு கையில் இல்லாமல் கழுத்து நரம்பில் இருக்கலாம். அப்போது எடையைக் கீழே வைத்துவிட்டுக் கழுத்தைக் காட்டுங்கள். வலுவிழந்தது திடீரென்று ஒரு பக்கமாக, முகம் கோணலோ பேச்சுக் குழறலோ சேர்ந்து வந்தால் ஒரு நிமிடமும் காத்திருக்காமல் அவசர சிகிச்சைக்குப் போங்கள்.